மேம்பாலத்துக்கு அப்பால் ஒரு நிலையம்

எங்கள் அத்தானுக்குத் தீயணைப்புத் துறையில் 'இருபது வருஷம்' என்று பெயர். அவர் படியேறி வரும் சத்தம் கேட்டாலே, "இருபது வருஷம் வருது, நாற்காலியை எடுத்துப் போடு" என்பார்களாம். வேலையில் சேர்ந்த கணக்கைப் பார்த்து வைத்த பெயர் அல்ல அது. அடுத்த இருபது ஆண்டுகளில் நகரத்தின் எந்த மூலையில் நிலையம் வேண்டும், எந்த நிலையத்துக்கு எத்தனை வண்டி வேண்டும், எதை மூடலாம் என்றெல்லாம் யோசித்து எழுதும் திட்டப் பிரிவில் அவர் இருந்தார். பிரிவு என்றால் பெரிய படை பட்டாளம் ஒன்றும் கிடையாது. தலைமையகத்து இரண்டாம் மாடியில், பழைய சீருடைகளையும் ரப்பர் காலணிகளையும் குவித்து வைத்திருந்த அறையைப் பலகை வைத்துப் பாதியாகத் தடுத்திருந்தார்கள். இந்தப் பாதியில் ஒரு மேசையும், சுவரை அடைத்துக்கொண்டு நகர வரைபடமும், அத்தானும். அந்தப் பாதியிலிருந்து ரப்பர் வாசனை வந்துகொண்டே இருக்கும்.

அதற்கு முன் அவர் வண்டி ஓட்டுநர். தண்ணீர் நிரம்பிய வண்டியை, சைக்கிள் திரும்பத் திணறும் சந்துகளில் பின்பக்கமாகவே கொண்டுபோய் நிறுத்துவார் என்று அக்கா பெருமையாகச் சொல்லுவாள். ஒரு கிடங்குத் தீயில் சுவர் சரிந்து இடுப்பில் அடிபட்டது. இனிமேல் ஓட்டக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மேசை வேலை கிடைத்த அன்று அக்கா எனக்குத் தொலைபேசியில் சொன்னதை மறக்க முடியாது. "இனிமே போன் அடிச்சா பயப்படாதேடா." வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு அகால வேளையில் வரும் அழைப்பு ஒவ்வொன்றுக்கும் நெஞ்சைப் பிடித்துக்கொள்பவன் நான். அது அவளுக்குத் தெரியும்.

முதல் சில மாதங்கள் அத்தான் அந்த மேசையில் விருந்துக்கு வந்தவர் மாதிரி விளிம்பில்தான் உட்கார்ந்திருந்தாராம். கீழே வண்டி கிளம்பும் மணி அடித்தால் கால் தானாக எழுந்துவிடும். நண்பர்கள் விடுவார்களா? நாளைக்கு எரியப்போகிற வீட்டுக்கு இன்றைக்கே தண்ணீர் ஊற்றியாயிற்றா என்று கேட்பார்கள். அத்தான் முகத்தைச் சுளிக்காமல் பதில் சொல்லுவார்.

"நாளைக்கு எரியற வீடு உங்க பொறுப்பு. என் வீடு இருபது வருஷம் கழிச்சு எரியும். அதை இன்னும் கட்டவே இல்ல."

ஆனால் வேலையை அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் புதிதாக எழும் அடுக்குமாடிகளின் பெயர்ப்பலகைகளைப் பார்த்துக்கொண்டு நடப்பார். எந்தத் தெருவில் பகலில் வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, எந்தத் தெருவில் வயதானவர்கள் தனியாக இருக்கிறார்கள், எங்கே மெத்தைப் பஞ்சும் பெயின்டும் ஒரே கூரையின் கீழ் கிடக்கின்றன என்று கவனிப்பார். நான் ஒருமுறை விடுப்பில் வந்திருந்தபோது கூட நடந்தேன். தீ எங்கே பிடிக்கும் என்று எப்படி முன்கூட்டியே தெரியும் என்று கேட்டேன்.

"அது யாருக்கும் தெரியாது மச்சான். ஆனா எங்க பிடிச்சா நாம எவ்வளவு லேட்டா போவோம்னு தெரியும். அதை மட்டும்தான் திட்டம் போட முடியும்."

இந்த ஒரு விஷயத்தில்தான் அவர் வாழ்க்கை பிற்பாடு மாட்டிக்கொண்டது.

திட்டத்துக்கான கணக்கைப் போட வெளியிலிருந்து ஓர் ஆலோசனை நிறுவனத்தை அமர்த்தினார்கள். அங்கிருந்து வந்தவர் ஒரு பெண் பொறியாளர். வயது குறைவு; வேலையில் கெட்டி. பல வருடத்துப் பதிவுகளையெல்லாம் வாங்கிக்கொண்டு போய், நகர வரைபடத்துக்கு நிறம் பூசிக்கொண்டு வந்தார். வண்டி உரிய நேரத்தில் போய்ச் சேரும் பகுதி நீலம். தாமதமாகச் சேரும் பகுதி சிவப்பு. முதல் ஐந்தாண்டுக்கு ஒரே ஒரு புதிய நிலையத்துக்குத்தான் அனுமதி. அது எங்கே போகும் என்பதைச் சிவப்புதான் சொல்லும். தெற்கே புதிதாக முளைத்த குடியிருப்புகள் மேல் சிவப்பு திட்டுத்திட்டாகப் படிந்திருந்தது. மேம்பாலத்துக்கு அப்பால், ரயில் பாதைகளுக்கு வடக்கே இருக்கும் நெருக்கமான பழைய பகுதி முழுவதும் நல்ல நீலம்.

அத்தான் அந்த நீலத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாராம்.

அறிக்கையில் அந்தப் பகுதியைப் பற்றி இன்னொரு வரியும் இருந்தது. பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்று அந்தப் பகுதியைக் கவனிக்கும் மேம்பாலத்து நிலையத்தின் வண்டிகள் நேரத்துக்குப் போய்விடுகின்றன; போன பிறகு தண்ணீரைத் திறக்கத்தான் நகரத்திலேயே அதிக நேரம் எடுத்துக்கொள்கின்றன; ஆகவே அந்த ஆட்களுக்குக் குழாய் விரிப்பதில் கூடுதல் பயிற்சி தேவை. பொறியாளர் தப்பாகக் கணக்குப் போடவில்லை. கொடுத்ததை வைத்துப் போட்டார், அப்படித்தான் வரும்.

ஏன் அப்படி வந்தது என்பது அத்தானுக்குத் தெரியும். அவர் ஓட்டியதே அந்த நிலையத்து வண்டியைத்தான்.

ஒவ்வொரு வண்டியிலும் ஓட்டுநரின் கைக்கெட்டும் இடத்தில் ஒரு சின்னப் பெட்டி உண்டு. புறப்பட்டதும் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் இன்னொன்றை. தண்ணீர் திறப்பதை எந்திரமே பதிந்துகொள்ளும். 'சேர்ந்தது' பொத்தானை அமுக்கும் வரைக்கும் கட்டுப்பாட்டு அறையிலிருந்து, எங்கே இருக்கிறீர்கள், எங்கே இருக்கிறீர்கள் என்று குரல் வந்துகொண்டே இருக்கும். மேம்பாலத்தின் உச்சியில் ஏறினால் அந்தப் பக்கம் முழுவதும் கண்ணுக்குத் தெரியும். புகை எங்கிருந்து எழுகிறது என்று பார்த்ததும் ஓட்டுநர் பொத்தானை அமுக்கிவிடுவார். பாலம் இறங்கினால் சந்துக்குள் சந்து. அங்கே ஸ்டீயரிங்குக்கு இரண்டு கையும் போதாது. குரல் அடங்கினால் போதும் என்றிருக்கும். 'புகை தெரிஞ்சாச்சுன்னா வந்தாச்சு' என்பது அந்த நிலையத்துப் பேச்சு. யார் ஆரம்பித்தது என்று ஒருவருக்கும் தெரியாது. இருக்கையை முன்னே தள்ளுவது எப்படி என்று கற்றுக்கொள்வது மாதிரி, புதிதாக வரும் ஓட்டுநரும் இதைக் கற்றுக்கொள்வார். யாரும் அதைப் பொய் என்று நினைத்ததில்லை. பாலத்திலிருந்து எரியும் வீட்டு வாசலுக்குப் போக, நிலையத்திலிருந்து பாலத்துக்கு வருகிற நேரத்துக்கு மேலேயே ஆகும் என்பதை யாரும் எழுதி வைத்ததும் இல்லை.

அத்தான் முதலில் பொறியாளரிடம்தான் சொன்னார். அவர் அதிர்ந்து போகவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, எல்லா வண்டியிலுமா, எத்தனை காலமாக என்று கேட்டார். பிறகு, இப்படி ஒருவர் வந்து என் காதில் சொன்னதை வைத்துத் துறையின் பதிவை மாற்றி எழுத எனக்கு அதிகாரம் இல்லை என்றார். ஒரே ஒரு வழி இருக்கிறது. மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டத்தில் சொல்லப்படுவது ஒவ்வொன்றும் நடவடிக்கைக் குறிப்பில் ஏறும். ஏறிய எதற்கும் திட்டம் பதில் சொல்லியாக வேண்டும். அங்கே சொன்னால் வண்டிகளை ஓட்டிப் பார்த்து மறுபடி அளக்க அவரால் கேட்க முடியும். திட்டம் ஒருமுறை நிறைவேறிவிட்டால் ஐந்து வருடத்துக்குக் கை வைக்க முடியாது.

"கூட்டத்துல சொன்னா உங்க பேரும் குறிப்புல ஏறும் சார்" என்றும் சொன்னாராம்.

நான் அந்த நேரத்தில்தான் விடுப்பில் வந்து இறங்கினேன். அறிக்கையின் சுருக்கத்தை மக்களுக்குப் புரிகிற மாதிரி நம் மொழியில் எழுதித் தரும்படி அத்தான் கேட்டிருந்தார். இரண்டு மொழியிலும் படித்தவன் என்று வீட்டில் எனக்கு இருக்கும் ஒரே உபயோகம் இதுதான். சாப்பாட்டு மேசையில் காகிதங்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 'ஏற்றுக்கொள்ளத்தக்க ஆபத்து' என்று ஓர் இடத்தில் எழுதியிருந்தேன். அத்தான் அதைப் படித்துவிட்டு, யார் ஏற்றுக்கொண்டது என்று கேட்டார். நான் அறிக்கையில் அப்படித்தான் இருக்கிறது என்றேன். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அன்று மாலை 'ஏணி' வந்தார். அத்தானோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்; உயரத்தாலும் வேலையாலும் அந்தப் பெயர். இப்போது மேம்பாலத்து நிலையத்தின் பொறுப்பு அதிகாரி. வீட்டில் ஒருவர் மாதிரி. அக்காவைத் 'தங்கச்சி' என்றுதான் கூப்பிடுவார். வழக்கமாகச் செருப்பைக் கழற்றும்போதே ஏதாவது கேலி பேசுவார். அன்றைக்கு நேராக வந்து உட்கார்ந்தார்.

"அந்த ஒரு வரியை வெட்டி விட்டுடு. பசங்க மூஞ்சியில முழிக்க முடியல. சோம்பேறின்னு எழுதியிருக்காளே."

"சோம்பேறின்னு எழுதல. பயிற்சி வேணும்னு எழுதியிருக்காங்க."

"படிச்சவங்க பாஷையில அதுக்கு அதுதான் அர்த்தம்." என் பக்கம் திரும்பி, "கோவிச்சுக்காதீங்க தம்பி" என்றார்.

"வரியை வெட்டலாம். அந்த நீலத்தை என்ன பண்றது?"

"நீலம் பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது. யாருக்கு என்ன வலி?"

அந்த நீலம் இருக்கும் வரை அந்தப் பக்கத்துக்கு ஒரு நிலையம் வராது என்றும், ரயில் பாதைக்கு அங்கிட்டு ஒரு வண்டி நின்றால்தான் சந்துக்குள் நேரத்துக்குப் போக முடியும் என்றும், இது தனக்குத் தெரிவதற்கு முன்பே ஏணிக்குத் தெரியும் என்றும் அத்தான் மெதுவாகச் சொன்னார். ஏணி மறுக்கவில்லை.

"ரெண்டுல ஒண்ணைச் சொல்லு" என்றார் அத்தான். "நம்ம ஆளுங்க குழாய் விரிக்கத் தெரியாதவங்களா? இல்ல, போகாமலே போனோம்னு அமுக்கினவங்களா?"

ஏணி எழுந்துகொண்டார். அவருக்கு ஓய்வு பெற அதிக காலம் இல்லை. விசாரணை என்று வந்தால் அவருடைய ஆட்கள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள்.

"சொல்லணும்னா சொல்லிக்க. ஆனா 'நாங்க'ன்னு சொல்லாத. வண்டி ஓட்டினது நீ. அமுக்கினது நீ. 'நான்'னு சொல்லு. என் பசங்களை இழுக்காத."

அக்கா வாசல் வரை போனாள். அவர் திரும்பிப் பார்க்காமல் போனார்.

அன்றைக்குத்தான் அக்கா ஒரு விஷயத்தை அவிழ்த்தாள். எங்கள் வீட்டுத் திரைச்சீலைகளைத் தைத்துத் தருவது மேம்பாலத்துக்கு அப்பால் இருக்கும் ஒரு தையல்கார அம்மா. பல வருடங்களுக்கு முன் ஒரு மத்தியானம் அவர் கடையில் தீப்பிடித்தது. இரவு வேலை முடிந்து வந்து மாடியில் தூங்கிக்கொண்டிருந்த கணவர் இறங்கி வரவில்லை. அன்றைக்கு வண்டி ஓட்டியது அத்தான் என்பது அக்காவுக்குத் தெரியும். அந்த அம்மாவுக்குத் தெரியாது. பதிவில் வண்டி நேரத்துக்குப் போயிருந்தது. ஆகவே விசாரணையில், வீட்டார் தாமதமாக அழைத்ததே காரணம் என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

"துணி வாங்கப் போறப்பல்லாம் ஏதாவது பேச்சுல வந்துடும்" என்றாள் அக்கா. "'நான் முதல்ல தண்ணி ஊத்திப் பார்த்தேன் அக்கா, அப்புறம்தான் கூப்பிட்டேன், அதுல போச்சு'ன்னு சொல்லும். நான் ஆமாம்னும் சொன்னதில்ல, இல்லைன்னும் சொன்னதில்ல."

அத்தான் அவளைப் பார்த்தார். இத்தனை வருடமாக இதை ஏன் தன்னிடம் சொல்லவில்லை என்று கேட்டார்.

"சொன்னா நீங்க என்ன பண்ணியிருப்பீங்க?" என்றாள் அக்கா.

கூட்டம் ஒரு பள்ளிக்கூடத்து மண்டபத்தில் நடந்தது. மேடையில் துறைத் தலைவர், இரண்டு அதிகாரிகள், ஓரத்தில் குறிப்பெடுக்கப் பொறியாளர். தெற்குக் குடியிருப்புக்காரர்கள் முன்னமே வந்து நல்ல இடங்களைப் பிடித்துவிட்டார்கள். நிலையம் அவர்களுக்குத்தான் என்று காற்றுவாக்கில் செய்தி போயிருந்தது. மேம்பாலத்துக்கு அப்பாலிருந்து கொஞ்சம் பேர்தான். சந்துகளில் லாரியை நிறுத்திவிட்டுப் போகிறார்கள் என்று முறையிட வந்தவர்கள். அவர்களில் அந்தத் தையல்கார அம்மாவும் இருந்தார். கடையிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. அக்கா அவரைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அத்தான் நான் எழுதிக் கொடுத்த சுருக்கத்தை வரைபடப் பகுதி வரைக்கும் வாசித்தார். பிறகு காகிதத்தை மேசையில் வைத்துவிட்டார்.

"மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் நீலமா இருக்குறது தப்பு" என்றார். "அதுக்குக் காரணம் நான். பல வருஷம் நான் அந்தப் பக்கத்துக்கு வண்டி ஓட்டினேன். போய்ச் சேர்ந்ததும் அமுக்க வேண்டிய பட்டனைப் பாலத்து மேல ஏறினதுமே அமுக்கிடுவேன். வண்டி உங்க வாசலுக்கு வர அதுக்கப்புறம் ரொம்ப நேரம் ஆகும். பதிவுல அது இல்ல. மறுபடி அளந்து பாருங்க. அது சிவப்பாத்தான் இருக்கும்."

துறைத் தலைவர் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். இது துறைக்குள் பேச வேண்டிய விஷயம் என்று ஏதோ ஆரம்பித்தார். அதற்குள் தையல்கார அம்மா எழுந்து நின்றுவிட்டார். மைக் இல்லாமலே அவர் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"எங்க வீட்டுக்கு வந்தப்பவும் அப்படித்தானா?"

எந்த வீடு என்று அத்தான் கேட்கவில்லை. "ஆமாம்மா. அன்னிக்கும் நான்தான் ஓட்டினேன். பாலத்து மேலயே அமுக்கிட்டேன்."

"அப்போ நான் லேட்டா கூப்பிடலையா?"

"இல்லம்மா. நீங்க கூப்பிட்டது சரியாத்தான் கூப்பிட்டீங்க. நான்தான் லேட்டு."

அந்த அம்மா உட்காருவார் என்று நினைத்தேன். உட்காரவில்லை. திட்டுவாரோ, அழுவாரோ என்று பயந்தேன், அதுவும் இல்லை. கழுத்திலிருந்த நாடாவை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டே, ஒரு கணக்கைச் சரிபார்ப்பது போலப் பேசினார்.

"என் மாமியார் அன்னையிலேர்ந்து என்கூடப் பேசல. ஒரே வீட்ல இருந்தோம். சோறு போட்டா சாப்பிடுவாங்க, பேச மாட்டாங்க. போன வருஷம்தான் போனாங்க." நாடாவின் முனையை உள்ளே செருகினார். "அவங்க இருக்கும்போதே இதைச் சொல்லியிருக்கலாமே."

அத்தான் தலையைக் குனியவில்லை. அந்த அம்மாவைப் பார்த்தபடியே நின்றார். பிறகு அந்த அம்மா தன் பையை எடுத்துக்கொண்டு, பக்கத்திலிருந்தவர்களின் கால்களை ஒதுக்கச் சொல்லி, வெளியே போனார். அக்கா பின்னாலேயே ஓடினாள். இன்றைக்கும் அக்கா துணிக்கு அங்கேதான் போகிறாள். அந்த அம்மா தைத்துத் தருகிறார். முன்பு மாதிரிப் பேசுவதில்லை.

பொறியாளர் எல்லாவற்றையும் குறிப்பில் ஏற்றியிருந்தார். அடுத்த மாதங்களில் மேம்பாலத்து நிலையத்தின் வண்டிகளை வெவ்வேறு வேளைகளில் ஓட்டவிட்டு, பக்கத்தில் ஆளை உட்கார வைத்து அளந்தார்கள். வரைபடத்தின் வடபகுதி சிவந்துபோனது. ஒரே ஒரு நிலையம் தெற்கிலிருந்து வடக்குக்கு மாறியது. மேம்பாலத்துக்கு அப்பால் ரயில்வேயின் பழைய சரக்கு முற்றத்தில் இடம் குறித்துக் கம்பி வேலி போட்டார்கள்.

துறை சும்மா விடவில்லை. விசாரணை நடந்தது. அத்தானுக்குக் கண்டனமும் பதவி இறக்கமும் கிடைத்தன. திட்டப் பிரிவிலிருந்து மட்டும் அவரை மாற்றவில்லை. அந்த ரப்பர் வாசனையில் உட்கார வேறு யாரும் முன்வரவில்லை என்று அக்கா சொல்கிறாள். விசாரணையில் ஏணியின் ஆட்களைக் கேட்டபோது, தாங்களும் அப்படித்தான் செய்தோம் என்று ஒருவர் விடாமல் சொல்லிவிட்டார்களாம். அத்தான் 'நான்' என்று சொன்னதோடு நின்றிருந்தார். அவர்களாகவே 'நாங்கள்' என்றார்கள். ஏணி மட்டும் கடைசி வரை அவரோடு பேசவில்லை. ஆனால் மாதா மாதம், வாசலுக்குப் போன பிறகே அமுக்கிய, நகரத்திலேயே மிக மோசமான நேரங்களோடு ஓர் அறிக்கை மேம்பாலத்து நிலையத்திலிருந்து திட்டப் பிரிவுக்கு வந்துவிடும். கீழே ஏணியின் கையெழுத்து இருக்கும். அவர் ஓய்வு பெற்ற மாதம் வரை ஒரு மாதமும் தவறவில்லை.

போன வாரம் அத்தானோடு தொலைபேசியில் பேசினேன். சரக்கு முற்றத்தில் அஸ்திவாரம் தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள் என்று செய்தியில் படித்திருந்தேன். மனம் நிம்மதியாக இருக்குமே என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அழைப்பு துண்டிக்கப்பட்டுவிட்டதோ என்று நான் வழக்கம்போல் பதறி, அத்தான், அத்தான் என்றேன்.

"இருக்கேன் மச்சான். நேத்து தெற்குப் பக்கம் நடந்துட்டு வந்தேன். நாம எடுத்து வடக்குக்குக் கொடுத்த நிலையம் அவங்களோடதுதானே? அங்க புதுசா ஒரு பிரசவ ஆஸ்பத்திரி கட்டறாங்க. நல்ல உயரம். அடுத்த வருஷம் திறந்துடுவாங்களாம். அங்க ஏதாவதுன்னா நம்ம வண்டி லேட்டாத்தான் போகும்."

அடுத்த ஐந்தாண்டில் அதற்கும் ஒரு நிலையம் வருமா என்று கேட்டேன்.

"எழுதிட்டு இருக்கேன்" என்றார்.